இரண்டு பயிற்சியாளர்கள், இரண்டு அறிவுரைகள்: அரை அயர்ன்மேனுக்கு யார் சொல்வதைக் கேட்பது?

வேளச்சேரி வேந்தன் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒலிம்பிக் தூர டிரையத்லான் ஒன்றை முடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3, அதாவது அரை அயர்ன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டிக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்க முடியும். அதற்கு மேல் ஒதுக்கினால் வீட்டில் சோறு கிடைக்காது.

இணையம் வழியாக எனக்கு அட்டவணை அனுப்பும் ஐரோப்பியப் பயிற்சியாளர், முதல் மூன்று மாதங்களுக்கு இதயத் துடிப்பு 137-ஐத் தாண்டவே கூடாது என்கிறார். 180-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. அதற்குள் அடங்கி ஓடினால், எலியட்ஸ் கடற்கரையில் காலை நடை போகும் பெரியவர்கள் என்னைத் தாண்டிச் செல்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் சைக்கிள் குழுவை நடத்தும் பயிற்சியாளரோ, எட்டு மணி நேரம் மட்டுமே வைத்திருப்பவன் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தால் மெதுவாக மிதிக்கத்தான் கற்றுக்கொள்வான் என்று சொல்லி, வாரத்துக்கு மூன்று நாள் மூச்சு முட்டும் இன்டர்வெல்களை (கடும் வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) கொடுக்கிறார். இருவருமே பலரை அயர்ன்மேன் கோட்டைத் தாண்ட வைத்தவர்கள் என்பதால் ஒருவரையும் எளிதாகத் தள்ள முடியவில்லை. இங்கே பயிற்சி கொடுப்பவர்களும் அனுபவசாலிகளும் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கரையோரப் பயிற்சியாளர் (திருவான்மியூர்)

வேந்தன், முதலாமவர் உங்கள் வயதைப் பார்த்திருக்கிறார். இரண்டாமவர் உங்கள் நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார். உங்கள் உடலை இருவரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

180 கழித்தல் வயது என்ற கணக்கு ஃபில் மஃபடோன் என்ற அமெரிக்கர் வகுத்தது. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் மார்க் ஆலன். ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 1995-இல் தம் 37-ஆம் வயதில் ஆறாவது முறையும் வென்றவர் அவர். 155 துடிப்புக்குள் ஓட வேண்டும் என்று மஃபடோன் கட்டளையிட்டபோது, ஆலனால் ஒரு மைலை 8 நிமிடம் 15 விநாடிக்குக் குறைவாக ஓட முடியவில்லை. அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பெயர்போன ஒருவருக்கு அது அவமானமான நடை. பொறுமையாக அதே துடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததில், சில காலத்துக்குப் பிறகு அதே 155-இல் மைலுக்கு 5 நிமிடம் 20 விநாடியை எட்டினார்.

இந்தக் கதையை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. அடித்தளம் போட்ட மாதங்கள் முடிந்ததும் ஆலன் வாரத்துக்கு இரண்டு முறை கடுமையான வேகப் பயிற்சிக்குத் திரும்பினார். மெதுவாக ஓடியே அவர் ஹவாயில் வெல்லவில்லை. மேலும் மஃபடோனே அந்த எண்ணைக் கல்லில் பொறிக்கவில்லை: நோயிலிருந்து மீள்பவர் பத்தைக் கழிக்க வேண்டும், அடிக்கடி காயமோ சளியோ பிடிப்பவர் ஐந்தைக் கழிக்க வேண்டும், ஈராண்டுகளுக்கு மேல் தடங்கலின்றிப் பயின்று முன்னேறுபவர் ஐந்தைக் கூட்டலாம் என்று கூடவே சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும் அது மதிப்பீடுதான். ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு இருபது வரை வேறுபடுவதை நான் களத்தில் பார்க்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாக உறங்கிய நாளின் அதிகாலையில், பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பின், தட்டையான பாதையில் தனியாக 30 நிமிடம் உங்களால் இயன்ற சீரான உச்ச வேகத்தில் ஓடுங்கள். கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரவலாக்கிய இந்த முறையில் கிடைப்பது உங்கள் த்ரெஷோல்டு துடிப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பின் துடிப்பு. எளிய ஓட்டத்தின் மேல் எல்லை அதில் ஏறத்தாழ 89 சதவீதம். சைக்கிளில் மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் 20 நிமிடச் சோதனையின் சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்கி எஃப்.டி.பி.யை, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்டை, கண்டுகொள்ளுங்கள். கடிகாரத்தின் அடிப்பக்க ஒளியை நம்பாமல் மார்புப் பட்டை அணிந்து செய்யுங்கள். வியர்வையில் வழுக்கும் கைக்கடிகாரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கும். 165, 170 என்று அசையாமல் நிற்கும் எண்களைக் கண்டு பயந்து என்னிடம் வந்தவர்கள் பலர்.

ஒற்றைப் பல்சக்கரம் (கோயம்புத்தூர்)

பயிற்சியாளர் ஐயா மீது மரியாதை உண்டு. ஆனாலும் எளிய பயிற்சியை முதன்மையாக்குவதில் உடன்பட முடியவில்லை. பயிற்சியில் 80 சதவீதம் எளிதாகவும் 20 சதவீதம் கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்து, நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகத் தரத்துத் துடுப்பு வீரர்களையும் பனிச்சறுக்கு வீரர்களையும் கவனித்து எழுதியதிலிருந்து பரவியது. அவர்கள் பயிற்சியையே தொழிலாகக் கொண்டவர்கள். இருபது மணி நேரம் பயிற்சி செய்பவரின் 20 சதவீதம் நான்கு மணி நேரம்; வேந்தனின் எட்டு மணி நேரத்தில் அதே 20 சதவீதம் வெறும் 96 நிமிடங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டாமா?

அரை அயர்ன்மேன் சைக்கிளைப் பெரும்பாலோர் எஃப்.டி.பி.யில் 75 முதல் 80 சதவீதத்தில் மிதிக்கிறார்கள். அப்படியிருக்க, நேரம் குறைந்தவர் தம் நேரத்தை 60 சதவீதத்தில் செலவழிப்பதைவிட, 88 முதல் 94 சதவீதம் வரையிலான இடத்தில், இரண்டு இருபது நிமிடங்களாகவோ மூன்று பதினைந்து நிமிடங்களாகவோ உழைப்பதே பயன் தரும். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மிதிக்கும்போது 'எளிய' மிதி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது வேறு விஷயம். குழுப் பயிற்சியாளர் மூன்று நாள் கொடுப்பது சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அவர் போகும் திசை சரி.

மருத்துவர் ஈரக்காற்று (சென்னை)

சதவீதச் சண்டைக்கு நடுவே வானிலையை எல்லோரும் மறந்துவிட்டதால் எழுதுகிறேன். வேந்தனின் 137 சிக்கலில் பாதி, வயதால் வந்ததன்று, ஊரால் வந்தது.

மே மாதச் சென்னையில் காலை ஐந்தரைக்கே வெப்பம் 28 டிகிரி அளவில் இருக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். வியர்வை ஆவியாக மாறினால்தான் உடல் குளிரும். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. ஆகவே உடல், வெப்பத்தை வெளியேற்ற மேலும் மேலும் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதே நேரத்தில் வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. தசைக்கும் தோலுக்குமாகப் பங்கிட வேண்டிய இரத்தம் குறைந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் அளவு குறைகிறது; அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. வேகத்தை மாற்றாமலேயே ஒரு மணி நேர ஓட்டத்தில் துடிப்பு பத்து, பதினைந்து ஏறிவிடுவது இதனால்தான். பத்து டிகிரிக் குளிரில் இருந்துகொண்டு அட்டவணை போடுபவருக்கு இந்த ஏற்றம் தாளில் தெரியாது.

அதற்காகத் துடிப்பு பொய் சொல்கிறது என்று எண்ணி வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. இதயத்தின் மீதுள்ள சுமை உண்மையானது. நான் சொல்லும் வழி: முதல் இருபது நிமிடத்தை, முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள், துடிப்பு எந்த எண்ணில் நிலைகொள்கிறது என்று பாருங்கள், அதற்குப் பிறகு எட்டு, பத்து ஏறினால் ஏறட்டும், அதற்கும் மேலே போனால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது ஒரு நிமிடம் நடங்கள். த்ரெஷோல்டு சோதனையையும் குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்லில் செய்யாமல், நீங்கள் வழக்கமாக ஓடும் நேரத்தில், அதே வெளியில் செய்யுங்கள். இரத்த அழுத்தத்துக்கு, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் எவையும் பொருந்தா.

வெயிலில் ஓடும்போது உடல் சிலிர்த்தாலோ, குளிர்வதுபோலத் தோன்றினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டிரையத்லானில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கிறது; அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் முன்பே இருந்த, தெரியாத இதயக் கோளாறு இருந்திருக்கிறது.

வேளச்சேரி வேந்தன் (சென்னை)

சொன்னபடி மார்புப் பட்டை வாங்கி, இந்த வாரம் சோதனைகளை முடித்துவிட்டேன். ஓட்டத்தில் கடைசி 20 நிமிடச் சராசரி 168. சைக்கிளில் 20 நிமிடச் சராசரி 205 வாட், எனவே எஃப்.டி.பி. 195. 25 மீட்டர் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடம் 20 விநாடியிலும், ஓய்வுக்குப் பின் 200 மீட்டரை 4 நிமிடம் 24 விநாடியிலும் நீந்தினேன். இதய மருத்துவரையும் பார்த்துவிட்டேன், தடையில்லை என்றார். இந்த எண்களைக் கொண்டு எட்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கரையோரப் பயிற்சியாளர் (திருவான்மியூர்)

168-இல் 89 சதவீதம் 149. அதாவது உங்கள் எளிய ஓட்டத்தின் கூரை 137 அல்ல. 149 வரை போகலாம். நான் 145-ஐ ஒட்டி ஓடச் சொல்வேன். மருத்துவர் கூறிய வெப்ப ஏற்றத்துக்கு அப்போது இடம் இருக்கும். நடைப் பெரியவர்களை நீங்கள் இனித் தாண்டலாம்.

இனி ஒற்றைப் பல்சக்கரம் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். எட்டு மணி நேரக்காரருக்குக் கடினப் பயிற்சி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதை மூன்று விளையாட்டுகளில் எதில் வைப்பது என்பதே என் கேள்வி. சைக்கிள் பயிற்சியாளர் சைக்கிளை மட்டும் பார்க்கிறார். அவருடைய மாணவருக்கு மறுநாள் ஓட்டம் இல்லை. சைக்கிளில் ஒரு கடினமான மணி நேரத்தின் களைப்பு இரண்டு நாளில் போய்விடும். நீச்சலில் மறுநாளே போய்விடும். ஓட்டத்தின் கடினமோ தசைநாணிலும் எலும்பிலும் தங்கும். நாற்பது வயதுக்கு மேல், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்து, கெண்டைக்கால் இறுகிப்போனவர்களை வேக ஓட்டத்துக்குத் தள்ளினால் குதிகாலின் அகில்லஸ் தசைநாண் வீங்கி ஆறு வாரம் போய்விடும். ஐந்து மாதத்தில் ஆறு வாரத்தை இழந்தவருக்கு எந்தச் சதவீதக் கணக்கும் உதவாது.

ஆகவே வாரத்தில் ஒரு கடினப் பயிற்சி சைக்கிளுக்கு, ஒன்று நீச்சலுக்கு. முதல் இரண்டு மாதம் ஓட்டத்துக்கு ஒன்றுமில்லை. நீச்சல் மூன்று முறை, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். புதன்கிழமை வீட்டு டிரெய்னரில் (சைக்கிளை நிலையாகப் பொருத்தி மிதிக்கும் கருவி) ஒரு மணி நேரம்: மூன்று பன்னிரண்டு நிமிடங்கள் 175 முதல் 185 வாட், இடையே ஐந்து நிமிடம் ஓய்வு மிதி, ஆறு வாரத்தில் அது இரண்டு இருபது நிமிடங்களாக வளரட்டும். சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டரை மணி நேரம், குழுவின் பின்னால் ஒளியாமல், முன்னே குனிந்து ஏரோபாரில் (கையூன்றும் முன்கம்பி) கையை வைத்துத் தனியாக மிதிக்க வேண்டும். அயர்ன்மேனில் முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி கட்டாயம் என்பதால், குழுவில் கிடைக்கும் வேகம் போட்டியில் உங்களோடு வராது. சைக்கிளை விட்டு இறங்கிய உடன் இருபது நிமிட ஓட்டம். செவ்வாயன்று நாற்பது நிமிட எளிய ஓட்டமும், ஞாயிறன்று எழுபது நிமிட ஓட்டமும் இருக்கட்டும். மீதமுள்ள இருபது நிமிடத்தைக் கெண்டைக்கால், தொடை, இடுப்பு வலுவுக்குக் கொடுங்கள்; நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான், வயது ஏற ஏற முதலில் தேவைப்படுவதும் அதுதான். நான்காவது வாரந்தோறும் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

சைக்கிளுக்குப் பிந்தைய ஓட்டத்தைச் சிலர் பத்து கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இறங்கிய முதல் பதினைந்து நிமிடம் கால் மரத்துப்போனதுபோல இருக்கும்போது எந்த வேகத்தில் ஓடுகிறோம் என்பதை உடல் அறிந்துகொள்வதுதான் அதன் நோக்கம். அதற்கு மேல் ஓடுவது களைத்த காலில் காயத்தைத் தேடிப் போவது.

அலைமகள் (தூத்துக்குடி)

நான் நீச்சல் மட்டும் கற்றுக்கொடுப்பவள். வேந்தன் அண்ணன் கொடுத்த இரண்டு நேரங்களில் ஒரு கதை இருக்கிறது. 9:20-இலிருந்து 4:24-ஐக் கழித்தால் 296 விநாடி. அதுவே இடைப்பட்ட 200 மீட்டருக்கான நேரம். அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 28 விநாடி. இதை நாங்கள் சி.எஸ்.எஸ். வேகம் என்போம், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் ஏறத்தாழ இதுதான். அந்த வேகத்தில் 1.9 கிலோமீட்டருக்கு 47 நிமிடம் ஆகும்; வரம்பு 70 நிமிடம் என்பதால் கரை சேர்வதில் கவலையில்லை.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. 200 மீட்டரில் அண்ணனின் வேகம் 2:12, 400-இல் 2:20, சி.எஸ்.எஸ். 2:28. தூரம் கூடக்கூட இவ்வளவு சரிவது நுரையீரலின் குறையன்று. களைத்ததும் நீச்சல் வடிவம் கலைகிறது. பெரியவராகிக் கற்றுக்கொண்டவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: மூச்செடுக்கத் தலையைத் தூக்குவார்கள், உடனே இடுப்பு அமிழும், அதைச் சமாளிக்கக் கால்கள் கத்தரிக்கோல்போல விரியும், முன்னே நீட்டிய கை நீரைப் பிடிக்காமல் கீழே அழுத்தும். இப்படி நீந்துபவரை இன்னும் இரண்டாயிரம் மீட்டர் நீந்து என்று விரட்டினால், தவறான அசைவைத்தான் உறுதிப்படுத்துவோம். எனவே வாரத்தில் ஒரு நாள் நீச்சல் நுட்பத்துக்கு மட்டும். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுவதும் விட்டுவிடுங்கள், ஒரு கண் நீருக்குள் இருக்கும்படி மட்டும் தலையைத் திருப்புங்கள். இன்னொரு நாள் பத்து முறை 100 மீட்டர், ஒவ்வொன்றும் 2:28-இல், இடையே இருபது விநாடி ஓய்வு. முதல் நூறை 2:15-இல் போய்ப் பத்தாவதை 2:40-இல் முடிப்பவர் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சுவரைத் தொடாமல், திரும்பும்போது உதைக்காமல், இருபத்தைந்து நிமிடம் தொடர்ச்சியாக.

நேரத்தை மட்டும் கணக்கிட்டால் நீச்சலில் பெரிய லாபம் இல்லை. 100 மீட்டருக்குப் பத்து விநாடி முன்னேறினாலும் மொத்தத்தில் மூன்று நிமிடம்தான் மிச்சம்; சைக்கிளில் சராசரியை 28-இலிருந்து 29 கிலோமீட்டராக உயர்த்தினாலே ஆறரை நிமிடம் கிடைக்கும். ஆனால் கோவாக் கடல் வெதுவெதுப்பானது. வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடை தரும் மிதப்புக்கு அங்கே இடமில்லை. அமிழும் கால்களை நாற்பத்தேழு நிமிடம் இழுத்துக்கொண்டு போனவர், சைக்கிளில் ஏறும்போதே பாதி களைத்திருப்பார்.

கடல் பயிற்சிக்குத் தனியாகப் போக வேண்டாம். சென்னைக் கரையில் இழுவை நீரோட்டம் எந்த இடத்தில் உருவாகும் என்பது மீனவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுடைய படகோ, அனுபவமுள்ள குழுவோ, கண்ணில் படும் நிற மிதவையோ இல்லாமல் இறங்காதீர்கள். ஆறு, எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை முதலையைப்போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தித் திசை பார்ப்பதைக் குளத்திலேயே பழகிவிடலாம்.

மல்லேஸ்வரத்து மாறன் (பெங்களூரு)

நானும் கோவாவுக்கு வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், இதமான காலையில் ஓடிப் பழகியவனுக்கு மருத்துவர் என்ன சொல்வார்?

மருத்துவர் ஈரக்காற்று (சென்னை)

வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் போதும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்கூட்டியே சுரக்கும், அதில் உப்பு குறையும். பத்து நாள் முன்பே கோவாவுக்குப் போக முடியாவிட்டால், கடைசி மூன்று வாரத்தில் சில பயிற்சிகளை நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள்; அல்லது டிரெய்னரில் மின்விசிறியை அணைத்துவிட்டு எளிதாக மிதியுங்கள். பயிற்சி முடிந்ததும் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நாற்பது நிமிடம் வரை அமர்வதை ஆறு நாள் தொடர்ந்தவர்களுக்கும் பலன் கிடைத்ததாக ஆய்வு உண்டு. தனியாக இருக்கும்போதும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரும் இதைச் செய்யக் கூடாது, எழும்போது மயக்கம் வரலாம். கிடைத்த பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதால் முன்கூட்டியே செய்து பயனில்லை. இன்னொன்று: சென்னைக்காரர்கள் தங்களுக்கு இது வேண்டாம் என்று எண்ண வேண்டாம். குளிரூட்டிய அறையில் டிரெய்னர், குளிரூட்டிய கூடத்தில் டிரெட்மில் என்று பயில்பவர் சென்னையில் இருந்தாலும் பெங்களூருவில் இருப்பவரே.

தெம்பனிஸ் தமிழினி (சிங்கப்பூர்)

உணவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிங்கப்பூரின் ஈர வெப்பத்தில் பயில்பவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சும் உச்ச அளவு ஏறத்தாழ அதுவே. ஃபிரக்டோஸ் வேறு பாதை வழியே உறிஞ்சப்படுவதால், இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம். நம் அடுக்களைச் சர்க்கரை இவ்விரண்டும் சரிபாதி சேர்ந்ததுதான். 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, அரை எலுமிச்சம்பழம்: விலை உயர்ந்த ஆற்றல் ஜெல்களின் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். பலர் ஓ.ஆர்.எஸ். கரைசலை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். அது பேதி கண்டவருக்கானது. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, 60 கிராமுக்கு மணிக்கு நாலரை லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும், வியர்வையில் நாம் முக்கியமாக இழக்கும் சோடியம் குறைவு. போட்டி முடிந்ததும் குடிக்க அது அருமையானது.

எவ்வளவு குடிப்பது என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.7 லிட்டர். அது முழுவதையும் ஈடுகட்டக் குடிக்காதீர்கள். வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தின் சோடியம் இறங்கிப்போனால் உயிருக்கே ஆபத்து. போட்டி முடிவில் எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. 60 கிராமையும் முதல் வாரமே வயிறு ஏற்காது. 30-இல் தொடங்கி, சனிக்கிழமைகளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் மிதித்தால் கொழுப்பு கரையும் என்று சில பயிற்சியாளர்கள் இன்னும் எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுக்கிறார்கள். எரிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு வலுவிழக்கும், காயம் ஆறாது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டு, இது ஆண்களையும் தாக்கும் என்று அறிவித்தது. மாதவிடாய் நின்றதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகப் பெருமையோடு சொன்ன தோழியை எனக்குத் தெரியும். அவருடைய பயிற்சியாளர் துடிப்பு, வாட், உறக்கம் என எல்லாவற்றையும் கேட்டார், இதை மட்டும் கேட்கவில்லை. புதிய பயிற்சியாளரிடம் சேரும் பெண்கள், இதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒற்றைப் பல்சக்கரம் (கோயம்புத்தூர்)

ஓட்டத்தில் கடினத்தை வைக்கக் கூடாது என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் நார்வேக்காரர்களைப் பாருங்கள். பெர்கன் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் டோக்கியோ ஒலிம்பிக் டிரையத்லானில் தங்கம் வென்றார். அவருடைய பயிற்சித் தோழர் குஸ்தாவ் இடென் 2022-இல் ஹவாய் அயர்ன்மேனை 7 மணி 40 நிமிடத்தில் முடித்தார். இருவரும் ஒரே நாளில் இரண்டு த்ரெஷோல்டு பயிற்சிகள் செய்தவர்கள். கடினம்தான் வெல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கரையோரப் பயிற்சியாளர் (திருவான்மியூர்)

அவர்களுடைய பயிற்சிக் காணொளிகளில் எதைக் கவனித்தீர்கள்? ஓட்டத்துக்கு இடையே நிறுத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, கடும் உழைப்பில் அதில் சேரும் லாக்டேட்டை அளக்கிறார்கள். ஆரில்ட் ட்வைட்டன், ஓலாவ் அலெக்சாண்டர் பூ ஆகிய பயிற்சியாளர்கள் அந்தக் கருவியை வைத்திருந்தது, குறித்த எல்லையைத் தாண்டி வீரர் வேகமாகப் போய்விடாமல் தடுக்கத்தான். த்ரெஷோல்டுக்குச் சற்றுக் கீழே நிற்பதால்தான் மாலையிலும் அதே பயிற்சியைச் செய்ய முடிகிறது. வாரம் 25 மணி நேரத்துக்கு மேல் பயிலும் அவர்களுடைய மீதி நேரம் பெரும்பாலும் எளியதே. உங்கள் குழுவில் இன்டர்வெல் என்றால் முன்னவரை முந்துவது. அவர்களுக்கு அது எண்ணுக்குள் அடங்கி நிற்பது. 180 வாட் என்று எழுதியிருந்தால் வேந்தன் 180 வாட்டில் மிதிக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று 215-க்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பாழாகும்.

வேளச்சேரி வேந்தன் (சென்னை)

ஐரோப்பியப் பயிற்சியாளருக்கு என் சோதனை எண்களையும் சென்னையின் ஈரப்பதத்தையும் எழுதி அனுப்பினேன். எல்லையை 145-க்கு உயர்த்தி, புதன்கிழமை இன்டர்வெல்லையும் சேர்த்துப் புதிய அட்டவணை அனுப்பிவிட்டார். குழுப் பயிற்சியாளரிடம் இனி வாரம் ஒரு நாள் மட்டும் வருவதாகச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றார். கடைசியாக ஒன்று: போட்டிக்கு முந்தைய வாரங்களில் முழு ஓய்வு எடுக்க வேண்டுமா?

கரையோரப் பயிற்சியாளர் (திருவான்மியூர்)

முழு ஓய்வு வேண்டாம்; உடல் சோம்பிவிடும். கடைசி இரண்டு வாரத்தில் மொத்த அளவை 40 முதல் 60 சதவீதம் வரை குறையுங்கள். பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்காதீர்கள், ஒவ்வொன்றையும் சுருக்குங்கள். புதன்கிழமை மூன்று பன்னிரண்டு நிமிடம் இருந்த இடத்தில் மூன்று ஐந்து நிமிடம், அதே 180 வாட்டில். எடை ஒரு கிலோ கூடும், கால் கனக்கும், இல்லாத முழங்கால் வலி தோன்றும், எல்லோருக்கும் வருவதுதான். விட்டுப்போன பயிற்சியை அந்த வாரத்தில் ஈடுகட்ட நினைக்க வேண்டாம். போட்டிக்கு முந்தைய நாள் கோவாவின் மிராமர் கரையில் பதினைந்து நிமிடம் நீந்தி, நீரின் சுவையையும் அலையையும் பழகிக்கொண்டு, சைக்கிளின் கியர் எல்லாம் விழுகிறதா என்று ஒரு முறை மாற்றிப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். டயரில் காற்றை மட்டும் காலையில் அடித்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் சைக்கிளின் டியூப் முந்தைய நாளே நிறைத்து வைத்தால் வெடிக்க வாய்ப்புண்டு.